சும்மா கிடக்கிற நிலமா இது?

மரக்காணம் உப்பளங்களின் ஓரம் நான்குவழிச் சாலை வருகிறது. நிலத்துக்கு விலை ஏறுகிறது. இதே கடற்கரையில் கெட்டுப்போன நிலங்களையும் கைவிட்ட நிலங்களையும் சீரமைத்தபோது, அங்கே வாழ்ந்த மக்களுக்கு என்ன இடம் கொடுத்தார்கள்?

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகும் வண்டிகளின் வெளிச்சம் உப்பளத்தின் மீது பட்டுப் பட்டு நகர்கிறது. வரப்பில் பெண்கள் வரிசையாக வருகிறார்கள். தலையில் சும்மாடு, கையில் கூடை. பாத்திக்குள் இறங்கிய ஆண்கள் நீண்ட கைப்பிடி கொண்ட மரப்பலகையால், தண்ணீருக்கு அடியில் படிந்த உப்பைக் கரைக்கு இழுக்கிறார்கள். பலகை தரையை உரசும் கரகரப்பு ஒரு பாத்தியில் நின்றால் அடுத்த பாத்தியில் தொடங்குகிறது. ஓரத்தில் நெடுங்கால் உள்ளான்கள் கொத்திக்கொண்டு நிற்கின்றன. ஆள் நடமாட்டத்துக்கு அவை பயப்படுவதில்லை. ஏழு மணிக்குள் பாதி வேலையாவது முடிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு வெயில் மேலிருந்தும் அடிக்கும், உப்பிலிருந்து எதிரொளித்து முகத்திலும் அடிக்கும்.

அதே இடத்தை மதியம் காரில் கடக்கிறவர்கள் காண்பது வேறு. வீடில்லை, மரமில்லை, வேலியில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. ‘இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே’ என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்புகிறது. இந்தப் பேச்சை நான் அஞ்சுகிறேன். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஒரு நிலத்தைப் பற்றி இப்படிப் பேசத் தொடங்கிய பிறகு, அதில் வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு யோசனை கேட்ட கதைகள் மிகச் சில.

சாலை வருகிறது

2025 ஆகஸ்டில் மரக்காணம் – புதுச்சேரி நான்குவழிச் சாலைக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 46 கிலோமீட்டர், 2,157 கோடி ரூபாய். வடக்கே மாமல்லபுரத்திலிருந்து வரும் விரிவாக்கத்தோடு இது சேரும்போது, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் உள்ள மரக்காணம் இரண்டு ஊர்களுக்குமே பக்கத்து ஊராகிவிடும். இந்தச் சாலை தேவைதான். விபத்தில் உயிர்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்தப் பாதையோரம் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் பெரிய சாலை வந்தால் அதன் இரு பக்கமும் உள்ள நிலத்தின் கணக்கு மாறும். மாமல்லபுரம் வரையிலான கடற்கரைச் சாலையில் இருபது ஆண்டுகளில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சவுக்குத் தோப்பும் மணல்மேடும் மனைகளாகவும் விடுதிகளாகவும் மாறின.

தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் உப்பு விளையும் இடம் மரக்காணம். ஏறத்தாழ 3,000 ஏக்கர். உப்பெடுக்கிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த மண்ணில் பட்டா கிடையாது; குத்தகைக்காரரிடம் கூலிக்கு வருகிறவர்கள். அதனால் நாளைக்கு நிலத்தின் பயன்பாடு மாறினால், இழப்பீட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. பட்டாவில் இருப்பது நிலம் யாருடையது என்ற விவரம்தான். அந்த நிலத்தில் முப்பது வருடமாகக் காலை வைத்தவர் யார் என்று எந்த நிலப் பதிவேடும் சொல்லாது.

■ பெட்டிச் செய்தி: உப்பளமும் சட்டமும்

உப்பு, அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் உள்ள பொருள். மத்திய அரசின் உப்பு நிலங்களை ஜெய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட உப்பு ஆணையர் அமைப்பு நிர்வகிக்கிறது.

2017-ஆம் ஆண்டின் சதுப்புநிலப் பாதுகாப்பு விதிகள், உப்பு உற்பத்திக்காக அமைக்கப்பட்ட இடங்களைச் ‘சதுப்புநிலம்’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியிருக்கின்றன. பறவை வந்தாலும், வெள்ளத்தை வாங்கினாலும், அந்த விதிகளின் பார்வையில் உப்பளம் சதுப்புநிலம் ஆகாது.

பக்கத்திலிருக்கும் கழுவேலி ஏரிக்கு நிலைமை வேறு. 5,151.60 ஹெக்டேர் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது.

தண்ணீருக்கு வழி தெரிந்தவர்கள்

கழுவேலியையும் உப்பளத்தையும் காகிதத்தில் பிரித்துவிடலாம். தண்ணீர் அப்படிப் பிரிந்து ஓடுவதில்லை. 700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில், ஏறத்தாழ 200 ஏரிகளிலிருந்து நிரம்பி வழியும் மழைநீர் கழுவேலிக்கு வந்து, உப்புக்கல்லி ஓடை வழியாக இடையன்திட்டு முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. கோடையில் அதே வழியாகக் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. இந்தப் போக்குவரத்தின் நடுவில்தான் அளங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மரக்காணத்துக்கு மேற்கே மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உப்பளங்கள் முழுவதும் தண்ணீருக்கடியில் போயின. செய்தியில் இது நஷ்டக் கணக்காக வந்தது, நஷ்டம்தான். ஆனால் அந்த ஆயிரக்கணக்கான ஏக்கரும் மண் கொட்டி மேடாக்கப்பட்டிருந்தால், அன்றிரவு வந்த தண்ணீர் எங்கே போய் நின்றிருக்கும்? குப்பங்களிலும் ஊருக்குள்ளும்தான்.

உப்பளத்தின் தரை லேசில் உண்டானதல்ல. மழைக்காலம் முடிந்ததும் சேற்றை வாரி, பாத்தியைச் சமப்படுத்தி, காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகினால்தான் தண்ணீர் கீழே இறங்காது. உப்பில் மண் ஏறாது. எந்த இடத்தில் நன்னீர் ஊறுகிறது, எந்த வரப்பு முதலில் உடையும், எந்த வாய்க்காலில் மழைநீர் பின்வாங்கி ஏறும் என்பதெல்லாம் இவர்களுக்கு அனுபவத்தில் தெரியும். கடல்நீர் மூன்று, மூன்றரை பாகை உப்படர்த்தியில் உள்ளே வரும். இருபத்தைந்து பாகைக்கு ஏறும்போது உப்புப் படியும். முப்பதைத் தொடும் முன் மிச்சத் தண்ணீரை வெளியேற்றாவிட்டால் உப்பு கசக்கும். மானி இல்லாமலே தண்ணீரின் நிறத்தையும் கொழகொழப்பையும் பார்த்து இதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நிலத்தின் நீரியலுக்கு இதைவிட நெருக்கமான சாட்சி யார்? ஆனாலும் திட்ட அறிக்கைகளில் இவர்கள் ‘பாதிக்கப்படக்கூடிய நபர்கள்’ என்ற எண்ணிக்கையாக மட்டுமே வருகிறார்கள்.

அளத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாடமும் கிடக்கிறது. 1990-களில் இந்தக் கடற்கரை முழுவதும் இறால் பண்ணைகள் தோண்டப்பட்டன. சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த பண்ணைகளை அகற்றவும், கெடுத்தவரே நிலத்தைச் சரிசெய்யும் செலவை ஏற்கவும் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005-இல் வந்த கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் வீச்சைக் குறைத்தது. நோய் வந்து நஷ்டப்பட்ட முதலாளிகள் போய்விட்டார்கள். தோண்டிய குளங்கள் கிடந்தன. உப்பேறிய பக்கத்து வயலில் நெல் வரவில்லை, சீமைக்கருவேல் வந்தது. கைவிட்டுப் போன நிலம் என்றால் இந்தப் பகுதியில் உண்மையில் இவைதான்.

இங்கிருந்து போன கைகள்

சென்னை அடையாறு கழிமுகத்தில் 58 ஏக்கர் நிலம், கட்டட இடிபாடும் குப்பையும் கொட்டிக் கொட்டி மூச்சுத் திணறிக் கிடந்தது. பட்டினப்பாக்கத்துக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கும் இடையில், சென்னையின் விலையுயர்ந்த மண். அங்கே கட்டடம் எழாமல் தடுக்கக் குடிமக்கள் அமைப்புகள் நீதிமன்றம் ஏறின. பிறகு அரசு அமைத்த அறக்கட்டளை, அந்த இடத்தைப் பழைய கழிமுகமாக மீட்கும் பொறுப்பை யாரிடம் கொடுத்தது தெரியுமா? மரக்காணத்துக்குத் தெற்கே ஆரோவில்லில் உள்ள பிச்சாண்டிக்குளம் காட்டுக் குழுவிடம். வறண்டு அரித்துப்போன செம்மண் மேட்டில் உள்ளூர்க் கிராமத்தினரோடு சேர்ந்து காடு வளர்த்தவர்கள் அவர்கள். மரக்காணம் வட்டாரத்தில் நடுக்குப்பத்தில் பள்ளிப் பிள்ளைகளோடும் பெண்கள் குழுக்களோடும் பல ஆண்டுகள் வேலை செய்தவர்கள். அந்தக் குழுவின் ஜாஸ் புரூக்ஸ் தலைமையில் இடிபாடுகள் அகற்றப்பட்டன. அலையாத்தி திரும்ப வந்தது. மீனும் நண்டும் வந்தன. 2011 ஜனவரியில் அந்த இடம் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது.

இயற்கையை மீட்ட வகையில் இதைப் போல வெற்றி கண்ட நகர நிலம் தமிழ்நாட்டில் இன்னொன்று இல்லை என்பேன். ஆனால் மக்களின் பக்கம் திரும்பினால் மனம் நிறைவதில்லை. நெடுங்காலம் அந்த வாசல் முன்பதிவு செய்தவர்களுக்குத்தான், பெரும்பாலும் பள்ளிக் குழுக்களுக்குத்தான் திறந்தது. சுற்றி வாழும் குப்பத்துப் பிள்ளைகள் வேலிக்கு வெளியேதான் நின்றார்கள். அடுத்தடுத்து அடையாற்றங்கரைச் சீரமைப்பு என்ற பெயரில் கரையோரக் குடும்பங்கள் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோகப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது வேகமெடுத்தது. வீட்டு வேலைக்கும் மீன் விற்பனைக்கும் நடந்தே போனவர்கள், அதே வேலைக்கு இரண்டு பஸ் மாறி வர வேண்டியதாயிற்று. நதி சுத்தமாக வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்தக் கரையை அனுபவிக்க அங்கே இல்லை. மரக்காணத்தில் ‘பறவைகளுக்காக’, ‘சுற்றுலாவுக்காக’ என்று நாளை ஏதாவது நல்ல திட்டம் வந்தாலும் இந்தக் கேள்வி நிற்கும்.

வாளியில் பிடித்த காற்று

மரக்காணத்திலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குள் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. ரசாயன ஆலைகளின் நாற்றத்தைப் பற்றிப் புகார் செய்தால், அதிகாரிகள் வந்து சேரும்போது காற்று திசை மாறியிருக்கும். ஆதாரம் இல்லை என்று கோப்பு மூடப்படும். 2004-இல் ஈச்சங்காடு, குடிகாடு போன்ற ஊர்களின் சாதாரண மக்கள் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாக ஒன்று சேர்ந்தார்கள். என்ன நாற்றம், எந்த நேரம், எந்த ஆலைப் பக்கமிருந்து காற்று, கண் எரிந்ததா, தலை வலித்ததா என்று நோட்டில் எழுதினார்கள். அழுகிய முட்டை, நகப்பூச்சு என்று நாற்றத்துக்கு அவர்களே அடையாளம் வைத்தார்கள்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. 1990-களில் கலிபோர்னியாவின் எண்ணெய் ஆலைப் பகுதி மக்களுக்காக உருவான எளிய கருவி அது. உள்ளே ஒரு பை. வெளியே காற்றை இழுக்கும் ஏற்பாடு. நாற்றம் அடிக்கும் அந்த நிமிடத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அனுப்பினார்கள். இருபதுக்கு மேற்பட்ட நச்சு வேதிப்பொருள்கள் வந்த முடிவில் இருந்தன; புற்றுநோய் உண்டாக்குபவையும் அவற்றில் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாதிரிகளில் அகப்படாததைக் குடிகாட்டு மக்களின் வாளி பிடித்தது. நிலத்தைச் சீராக்குவதில் மக்கள் பங்கு என்றால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கை தூக்குவது என்று நினைக்கிறவர்கள் கடலூரைப் பார்க்க வேண்டும். அளப்பதே மக்கள் கையில் இருந்தது. அதனால்தான் அவர்கள் பேச்சை ஒதுக்க முடியவில்லை.

இதே காலத்தில், உச்ச நீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு கேரளத்தின் எலூர் – எடையாறு தொழிற்பகுதிக்கு உள்ளூர்ப் பகுதிச் சுற்றுச்சூழல் குழு ஒன்றை ஏற்படுத்தியது. பூச்சிமருந்து எச்சம் படிந்த குழிக்கண்டம் தோட்டின் சேற்றை என்ன செய்வது என்ற கேள்வி, அந்த ஊர்க்காரர்களும் உட்கார்ந்த மேசைக்கு வந்தது. அப்படி ஒரு ஏற்பாடு சாத்தியம் என்பதற்கு இந்த ஓர் உதாரணம் போதும்.

எவ்வளவு சுத்தம் போதும்?

கொடைக்கானலில் கேள்வி இன்னும் கூர்மையாக எழுந்தது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கடை ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்தார்கள். அந்தக் கழிவு வந்த இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. அதற்கே பதினைந்து ஆண்டுகள்.

மண் மட்டும் அங்கேயே கிடந்தது. ஒரு கிலோ மண்ணில் எவ்வளவு பாதரசம் இருக்கலாம்? 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற அளவைத் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரையை ஒட்டி வைத்தார்கள். கீழே பாம்பார் சோலை இருக்கிறது, அங்கிருந்து நீர் சமவெளிக்கு இறங்குகிறது, ஆகவே இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வாதாடினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 20-ஐயே ஏற்றது. ஒரு மண் போதுமான அளவு சுத்தமாகிவிட்டதா என்ற முடிவு, நாளைக்கு அங்கே வீடு வருமா, காடு வருமா, குழந்தைகள் விளையாடுவார்களா என்பதைப் பொறுத்தது. அதை ஆய்வகம் மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த மண்ணின் தண்ணீரைக் குடிக்கப் போகிறவர்களுக்கும் அதில் வாக்கு வேண்டும்.

எண்ணூரில் நடந்தது வேறு வகை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தை மூடியது. மீனவர்கள் படகில் போய்க் கையாலும் குவளையாலும் அள்ளினார்கள். பலருக்குச் சரியான கையுறைகூட இல்லை. அள்ளுவதற்கு மட்டும் உள்ளூர் மக்கள் வேண்டும். அந்தக் கழிமுகத்தை இனி என்ன செய்வது என்று பேசும் அறையில் அவர்களுக்கு நாற்காலி கிடைப்பதே பெரிய போராட்டம்.

■ பெட்டிச் செய்தி: 2025-இன் புதிய விதிகள்

மாசடைந்த இடங்களைக் கையாள இந்தியாவில் தனி விதிகள் 2025 ஜூலையில்தான் வந்தன. நாடு முழுவதும் அடையாளம் காணப்பட்ட மாசடைந்த இடங்கள் 103. அவற்றில் ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருந்தது.

சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பட்டியலிட வேண்டும். மாநில அமைப்பு ஆராய்ந்து உறுதிசெய்ய வேண்டும். செலவு கெடுத்தவருடையது.

கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் எண்ணெய்க் கசிவு, நகராட்சிக் குப்பைமேடு ஆகியவை இந்த விதிகளுக்குள் வராது. அவற்றுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

உப்பளத்தில் வீடா, கடலா?

உப்பளத்தையே நகரமாக்கும் முயற்சிக்கு நம் முன் மும்பை இருக்கிறது. தாராவி மறுசீரமைப்புக்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பகுதிகளில் 256 ஏக்கர் உப்பள நிலத்தை மாற்றித் தர 2024-இல் ஒப்புதல் கிடைத்தது. தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியில்லை என்று கழிக்கப்படுகிறவர்களை அங்கே குடியமர்த்துவது நோக்கம். 2005 ஜூலை வெள்ளத்தை நேரில் கண்ட நகரம் அது. தண்ணீர் தேங்கும் தாழ்நிலத்துக்கு மிக ஏழைகளை அனுப்புவதை மறுவாழ்வு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கலிபோர்னியாவில் எதிர்த் திசையில் போனார்கள். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தெற்கே 15,100 ஏக்கர் உப்பளத்தைக் கார்கில் நிறுவனத்திடமிருந்து 2003-இல் அரசு வாங்கி, கடலுக்குத் திருப்பித் தரும் ஐம்பதாண்டு வேலையைத் தொடங்கியது. ஊர்க்காரர்கள், மீன்பிடிப்பவர்கள், பறவை ஆர்வலர்கள், வெள்ளத் தடுப்புத் துறை எல்லோரும் உட்காரும் மன்றம் தொடக்கத்திலேயே அமைந்தது. அங்கும் பாதரசப் பிரச்சினை உண்டு. பழைய நியூ அல்மடென் சுரங்கத்திலிருந்து அடித்து வந்தது. அதனால் ஆல்விசோ பகுதியின் ஓர் அளத்தில் மதகை ஒரேயடியாகத் திறக்காமல், கொஞ்சம் திறந்து, மீனிலும் பறவை முட்டையிலும் பாதரசம் ஏறுகிறதா என்று பார்த்து, பிறகு மேலும் திறந்தார்கள். அதே விரிகுடாவில் ரெட்வுட் சிட்டி உப்பளத்தில் 12,000 வீடு வரை கட்டும் திட்டம் உள்ளூர் எதிர்ப்பால் 2012-இல் திரும்பப் பெறப்பட்டது.

அவர்களிடம் பணம் இருந்தது, நமக்கு இல்லை என்று சொல்லலாம். முதல் வரைபடம் வரையும் முன்பே மக்களை அழைத்து உட்கார வைக்க எவ்வளவு பணம் வேண்டும்?

இப்போதே கேட்க வேண்டியது

மரக்காணம் பேரூராட்சி. கிராம சபை சுற்றியுள்ள ஊராட்சிகளில் கூடும், பேரூராட்சிக்குள் கிடையாது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான பகுதி சபைகள் தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-ஆம் தேதிதான் தொடங்கின. உப்பளத் தொழிலாளி அந்தச் சபையிலோ கிராம சபையிலோ எழுந்து பேசினால் அது எந்தத் துறையின் கோப்புக்குப் போகும் என்பதற்கு இன்று பதில் இல்லை. வருவாய்த்துறை, வனத்துறை, மீன்வளம், நெடுஞ்சாலை, உப்பு ஆணையர் என்று நிலம் ஐந்து பக்கம் இழுபடுகிறது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடத்த 30 நாள் முன்னறிவிப்பு போதும். தமிழில் கிடைப்பது சுருக்கம். நூற்றுக்கணக்கான பக்க முழு அறிக்கை ஆங்கிலத்தில். பாத்தியிலிருந்து பத்து மணிக்கு ஏறி, கூலி வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சோறாக்கும் பெண், முப்பது நாளில் அதை எப்படிப் படித்து, எங்கே போய்ப் பேசுவார்?

விழுப்புரம் மாவட்ட நிர்வாகம் நினைத்தால் சில காரியங்களை இப்போதே செய்யலாம். உப்பளத்தில் கூலிக்கு உழைப்பவர்களின் பெயர்ப் பதிவேட்டை, நிலத்தின் பயன்பாடு பற்றிய பேச்சு எழும் முன்பே முடிக்கலாம். பருவமழை நிவாரணத்துக்காக எடுத்த கணக்கு கையில் இருக்கிறது. கைவிட்ட இறால் குளங்களை ஊர்க்காரர்களோடு நடந்து அளந்து பட்டியலிடலாம். புதிதாக எதையாவது கட்டியாக வேண்டும் என்றால் முதலில் அந்தப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். கடல்நீரைத் திரும்ப விட்டால் உமரியும் அலையாத்தியும் தானாக வரக்கூடிய குளங்களைத் தனியே குறித்துவிடலாம். கழுவேலி ராம்சார் தலத்துக்கான நிர்வாகத் திட்டத்தில் அளத்தொழிலாளர், மீனவர், ஏரிப்பாசன விவசாயி மூன்று தரப்புக்கும் வாக்குரிமையோடு இடம் தரலாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது சாலைதான். மேடாக எழும் நான்குவழிப் பாதை, சரியான இடத்தில் கண் வைத்த சிறுபாலம் இல்லாவிட்டால் நாற்பத்தாறு கிலோமீட்டர் நீளக் கரையாக நின்று மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தை மறிக்கும். எங்கே எத்தனை கண் வைப்பது என்பதை நெடுஞ்சாலைத் துறை பழைய வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வரும் பருவமழையில், தண்ணீர் நிற்கும்போதே, உப்பளத்துக்காரர்களையும் குப்பத்துக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பொறியாளர்கள் அந்தப் பாதையை ஒரு முறை முழுக்க நடக்கட்டும். அவர்கள் காட்டும் ஒவ்வொரு இடத்தையும் குறித்து, அந்தக் குறிப்பைத் தமிழில் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும்.